சாதாரணக் கட்டணம்

ரயில் நிற்கப்போகிறது என்ற செய்தி ஊரிலேயே முதலில் அவளுக்குத்தான் தெரிந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டி, "பத்து காப்பி போடும்மா" என்றார். ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் அவள். எத்தனையோ பேருடைய சொத்துப் பத்திரங்களையும் விவாகரத்துத் தாள்களையும் படிக்காமலே கண்ணாடிமேல் கவிழ்த்துப் பழகியவள். அன்றைக்கு மட்டும் கண் தானாக ஓடியது. இரண்டாவது தண்டவாளம் போடும் வேலை காரணமாகப் பயணிகள் ரயில் மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது என்று இருந்தது.

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"மூணு மாசம்னு பேச்சு." அவர் சூடு ஆறாத தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டார். "நம்மகிட்ட எவன் சொல்றான்?"

நகரத்தில் வாடகை கொடுத்து மாளாதவர்கள் அந்த ரயிலை நம்பி வந்து குடியேறிய ஊர் அது. காலை ஐந்து ஐம்பது வண்டியில் ஏறினால் ஏழு மணிக்கு நகரத்தில் இறங்கிவிடலாம். ஒரு மாதச் சீசன் டிக்கெட்டின் விலைக்கு பஸ்ஸில் நான்கு நாள்கூடப் போய்வர முடியாது. அவள் புருஷன் நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு வருஷம் அதே வண்டியில், அதே பெட்டியில், கதவுக்கு இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து போய்வந்தவர். ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பார். பெண் தப்பாகப் போட்டால் அதட்டமாட்டார். "இந்தக் கணக்குல ஏறினா நாலாவது மாடிக்குப் பதிலா மொட்டை மாடியிலதான் இறங்கணும்" என்று சிரிப்பார்.

மூன்று மாதம் ஆறு மாதம் ஆனது. இரண்டாவது தண்டவாளம் வந்தது. அதில் எக்ஸ்பிரஸ் வண்டிகள் இரண்டு திசையிலும் பறந்தன. ஒன்றும் இந்த ஊரில் நிற்கவில்லை. பயணிகள் ரயிலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது விஷயம்.

அவர் இரண்டு பஸ் மாறிப் போனார். போக இரண்டரை மணி நேரம், வர மூன்று மணி நேரம். நாலு மணிக்கு எழுந்து போய், பெண் தூங்கிய பிறகு வந்து சேர்ந்தார். ஐந்தாவது மாதம் ஒரு நாள், பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருக்கும் மெஷின் ரூமில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். கை கப்பியின்மேல் இருந்தது. கூட இருந்தவர் சட்டென்று மின்சாரத்தை நிறுத்தியதால் இடது சுண்டுவிரலின் நுனியோடு போயிற்று.

கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் அவள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்தாள்.

"இன்னிக்கு விரலு. நாளைக்கு என்ன போகும்? நீங்க அங்கயே ஒரு ரூம் பாத்துத் தங்கிடுங்க," என்றாள்.

"பாப்பா?"

"பாப்பாவுக்கு அப்பா முழுசா வேணும். ஞாயித்துக்கிழமை வந்தாப் போதும். ரயில் வர்ற வரைக்கும்தானே."

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்தார். சொன்னது அவள்தான். பிற்பாடு இதை எத்தனையோ தடவை அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

*

முதல் வருஷம் ஞாயிறு தவறாமல் வந்தார். சனி சாயங்காலமே வந்து திங்கள் விடியலில் போவார். அப்புறம் ஞாயிறு காலை வந்து ஞாயிறு சாயங்காலமே கிளம்பினார். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வரும்போது பழம் வாங்கிவந்தார். பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர் விருந்தாளி என்பது பெண்ணுக்குத்தான் முதலில் உறைத்தது. "அப்பா வர்றாருன்னா வீட்டைப் பெருக்கணுமாம்மா?" என்று ஒரு நாள் கேட்டாள். பதிமூன்று வயது அப்போது. அவள் துடைப்பத்தை எடுத்துப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தவருக்கு 'டோக்கன்' என்று பெயர். வண்டிக்குத் தகர டோக்கன் கொடுத்துக் கொடுத்து ஒட்டிக்கொண்ட பெயர். சொந்தப் பெயரை அவர் வீட்டிலேயே மறந்துவிட்டதாகச் சொல்வார். இருநூறு சைக்கிளும் பைக்கும் நின்ற இடத்தில் இப்போது ஒரே ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதுவும் அவருடையது.

"ஜெராக்ஸம்மா," என்று ஒரு மத்தியானம் கடைப் படியில் வந்து உட்கார்ந்தார். "எனக்கு நானே டோக்கன் குடுத்து நானே வாங்கிக்கிட்டு இருக்கேன். இப்படியே போனா ஒரு நாள் டோக்கனைத் தொலைச்சுட்டு எனக்கே வண்டி தரமாட்டேன்னு சண்டை போடுவேன். ஏதாவது செய்யணும்மா."

"மனு எழுதலாம் அண்ணே."

"எழுது. தாள் உன்னுது, நடை என்னுது."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் மனுவுக்கு எழுநூறு கையெழுத்து. பதில் வர நாலு மாதம். 'பரிசீலனையில் உள்ளது.' இரண்டாவதற்கும் அதே பதில். தேதி மட்டும் வேறு. மூன்றாவது மனுவை ரயில்வே அலுவலகத்துக்கு நேரிலேயே கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பெண் அதிகாரி இருந்தார். எடுத்தெறிந்து பேசவில்லை, உட்காரச் சொன்னார். ஒரு கோப்பைத் திறந்து காட்டினார்.

"போன வருஷம் கணக்கெடுத்தோம்மா. உங்க ஊர்லேருந்து நகரத்துக்குத் தினம் பஸ்ல போறவங்க இருநூத்திப் பத்துப் பேர்தான். இருநூத்திப் பத்துப் பேருக்கு ரயில் விடுன்னு மேல எப்படிக் கேக்கறது?"

வெளியே வந்ததும் டோக்கன் தலையில் அடித்துக்கொண்டார். "பாலத்தை இடிச்சுட்டு, ஆத்தைத் தாண்டுறவன் எத்தனை பேருன்னு எண்ணுவாங்களா?"

அவள் பஸ்ஸில் வரும்போது யோசித்தாள். எண்ண வேண்டியது போகிறவர்களை அல்ல. போகமுடியாமல் வேலையை விட்டவர்களை. போய்த் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களை.

மறு வாரத்திலிருந்து மத்தியானம் கடையை இரண்டு மணி நேரம் சாத்திவிட்டு வீடு வீடாகப் போனாள். ஒரு அட்டை, அதில் கட்டம் போட்ட தாள். யார், என்ன வேலை, முன்பு ரயிலில் போனாரா, இப்போது எங்கே தங்குகிறார், எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார். கதவைத் திறந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதல் கேள்விகளுக்கு நின்றுகொண்டே பதில் சொன்னவர்கள் கடைசிக் கேள்விக்கு வந்ததும் உள்ளே வரச் சொன்னார்கள்.

ஒரு வெல்டரின் மனைவி சொன்னாள்: "வாராவாரம் வர்றாருன்னு எழுதிக்குங்க அக்கா."

அவள் எழுதினாள்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அடிச்சிடுங்க. மூணு மாசமாச்சு வந்து. மாமியார் உள்ள இருக்காங்க, அதான் சத்தமா அப்படிச் சொன்னேன்."

பதினொரு வாரத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் வீடுகள். அதில் வேலையை விட்டவர்கள் நானூறுக்குமேல். அங்கேயே தங்கிவிட்டவர்கள் முந்நூற்று நாற்பது. தன் வீட்டையும் வரிசை தவறாமல் சேர்த்துக்கொண்டாள். 'எத்தனை நாளைக்கு ஒருமுறை' என்ற கட்டத்தில் பேனா ஒரு நிமிஷம் நின்றது. 'பதினைந்து' என்று எழுதினாள். இருபதுக்குப் பக்கம் வந்திருந்தது அப்போது.

*

அந்தத் தாள்கள் வேலை செய்தன. மூன்றாம் வருஷம் அதிகாரியே ஊருக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி அவள்தான் கேட்டிருந்தாள்; மற்ற நாளில் ஊரில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். பூட்டிக் கிடந்த காத்திருப்பு அறையைத் திறந்து, தூசி தட்டி, பெஞ்சுகளைத் துடைத்து வைத்தார் டோக்கன். எழுபது எண்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். அவள் புருஷனும் வந்திருந்தார். பின்பக்கம் சுவரில் சாய்ந்து நின்றார்.

அதிகாரி சுற்றிவளைக்கவில்லை. "தினமும் காலை ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ஸ்பெஷல் வண்டி விடலாம்னு மேல சொல்லியிருக்காங்க. கட்டணம் எக்ஸ்பிரஸ் கட்டணம். சீசன் கிடையாது. ஒப்புக்கிட்டா அடுத்த மாசமே ஓடும். வேணாம்னா ஃபைல் மறுபடி மேல போகும். எப்ப இறங்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

அறை முழுக்கக் கசமுசாவென்று பேச்சு. ஒரு அலுவலகத்தில் மாடிப்படி கழுவிக்கொண்டிருந்து வேலையை விட்ட ஒரு அம்மா முன்னால் வந்தார். "அந்தக் கட்டணத்துக்கு என் சம்பளத்துல முக்காவாசி போயிடும். மீதிக் காவாசிக்கு எதுக்கு நான் படி கழுவணும்?"

"மொதல்ல வண்டி வரட்டும். அப்புறம் குறைக்கச் சொல்லிக் கேப்போம்," என்றார் ஒரு பாங்க் குமாஸ்தா.

அவள் அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள். "குறைப்பாங்களா மேடம்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருதடவை இந்த விலைக்கு ஓடி, கூட்டமும் ஏறிடுச்சுன்னா, யாரும்மா குறைப்பாங்க?"

கை தூக்கச் சொன்னார்கள். ஸ்பெஷல் வேண்டும் என்கிறவர்கள் முதலில். முப்பது கைகள் இருக்கும். பின்சுவர்ப் பக்கம் ஒரு கை, சுண்டுவிரலில் நுனியில்லாத கை, உயர்ந்திருந்ததை அவள் பார்த்தாள். மற்றவர்கள் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு வீடாக வந்தவள் அவள்தான்.

"வேணாம்," என்றாள். "நாம கேட்டது எல்லாரும் ஏறுற வண்டி. கேட்டதையே கேப்போம்."

வேண்டாம் என்பதற்குக் கைகள் உயர்ந்தன. ஸ்பெஷல் போயிற்று.

வீட்டுக்கு உள்ளே வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அவர் ஆரம்பித்தார்.

"வந்த ரயிலை வேணாம்னுட்டே."

"அந்தப் படி கழுவுற அம்மா எப்படிங்க ஏறுவாங்க?"

"நான் ஏறியிருப்பேன். ரூம் வாடகையும் மெஸ்ஸுக்குக் குடுக்கறதும் சேத்துப் பாத்தா எனக்குச் சரியா வந்திருக்கும். அடுத்த மாசத்துலேருந்து வீட்டுல படுத்திருப்பேன். கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டுத்தான் கையைத் தூக்கினேன்."

"இன்னும் கொஞ்ச நாள்தாங்க…"

"நீ ஊரைப் பாத்தே. சரிதான், தப்புச் சொல்லல. என்னைப் பாக்கல, அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் மெதுவாகத்தான் சொன்னார். பழத்தோலை எடுத்துக்கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

*

ஃபைல் கீழே இறங்கப் பதினாலு மாதம் ஆனது. ஒரு காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அதிகாரி போன் செய்தார். "கையெழுத்து ஆயிடுச்சும்மா. சாதாரணக் கட்டணம். சீசன் உண்டு. காலையில அதே அஞ்சு அம்பது. சாயங்காலம் ஆறேகாலுக்கு அங்கேருந்து கிளம்பும்."

அவள் ரோட்டைத் தாண்டி ஓடினாள். விஷயத்தைக் கேட்ட டோக்கன், பெட்டியிலிருந்த டோக்கன்களைக் கொட்டித் துணியால் துடைக்க ஆரம்பித்தார். துருப்பிடித்தவற்றைத் தனியே ஒதுக்கினார். "பாதிக்கு மேல தேறாது போலிருக்கே," என்றவர், திடீரென்று முகத்தை அந்தத் துணியாலேயே மூடிக்கொண்டார். அவர் அழுது அவள் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

முதல் நாள் சாயங்கால வண்டிக்கு ஊரே பிளாட்பாரத்தில் நின்றது. ஏழு இருபத்தைந்துக்கு வரவேண்டிய வண்டி பத்து நிமிஷம் தாமதமாக வந்து நின்றது. இறங்கியவர்களில் பாதிப் பேரை வீட்டார் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, நரைத்திருந்தார்கள், இளைத்திருந்தார்கள். அவரும் இறங்கினார். தோளில் ஒரு பெரிய பை. அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

முன்னறையில் பெண் படிக்கும் மேசை கிடந்தது. அவர் காலைநீட்டிப் படுக்க இடம் வேண்டுமென்று அதை முந்தின நாளே பின்பக்கம் தள்ளிவைத்திருந்தாள். பெண்ணுக்குப் பதினாறு வயது. புத்தகங்களை எடுத்துக்கொண்டு அங்கே போனாள்.

ஐந்து நாள் வந்தார். தண்ணீர் குடிக்க டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். "லைட்டை அணைக்கலாமா?" என்று கேட்டார், அடுத்தவர் வீட்டில் கேட்பதுபோல. பெண்ணிடம், "கணக்கு ஏதாவது இருக்காம்மா?" என்றார். "நான் கணக்கு எடுக்கலப்பா. போன வருஷமே விட்டுட்டேன்," என்றாள் அவள். அவர் தலையாட்டினார். ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டே இருந்தார். "ரொம்ப அமைதியா இருக்கு. அங்க ரோட்டுச் சத்தத்துலயே தூங்கிப் பழகிட்டேன்," என்றார்.

ஆறாம் நாள் போன் வந்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நிற்கிறதாம், முடிக்க நேரமாகும், ரூமில் தங்கிக்கொள்கிறேன். மறுநாளும் ஏதோ ஒரு கட்டடம். அடுத்த வாரம் காரணம் சொல்லவில்லை. போனும் வரவில்லை.

அவருடைய வாராந்திர விடுமுறை ஞாயிற்றிலிருந்து புதன்கிழமைக்கு மாறியிருந்தது. அந்தப் புதன் அவள் கடையைச் சாத்திவிட்டு ரயிலேறினாள். இத்தனை வருஷத்தில் அந்த ரூமை அவள் பார்த்ததே இல்லை.

மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படியேறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ, "டாக்டரே, இதுக்கு உயிர் இருக்கா இல்லையா, கையைப் பிடிச்சுச் சொல்லுங்க" என்றார்கள். அதற்கு ஒரு குரல், "சொந்தக்காரங்களுக்குச் சொல்லியனுப்புங்கப்பா" என்றது. மறுபடி வெடிச் சிரிப்பு. அந்தக் குரல் அவள் புருஷனுடையது. கதவோரம் நின்று பார்த்தாள். ஆறு இரும்புக் கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் சம்மணமிட்டு, மடியில் ஒரு பழைய டேபிள் ஃபேனைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி மூன்று பேர். சுவரில் அவருடைய அலமாரி, அவருடைய கண்ணாடி, ஆணியில் அவருடைய துண்டு. எதை எடுக்கவும் அவருக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை. பார்க்காமலே கை நீட்டி எடுத்தார்.

அவளைக் கண்டதும் மற்றவர்கள் எழுந்து, "வாங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

"சொல்லிட்டு வந்திருக்கலாமே," என்றார் அவர்.

"இங்க உங்களை டாக்டர்னு கூப்பிடறாங்களா?"

"ஆமா. எதையாவது ரிப்பேர் பண்ணிட்டே இருக்கேன்ல." திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு மூடினார். "மொத வருஷம் இந்தக் கட்டில்ல படுத்து அழுதிருக்கேன். இவனுங்களுக்குத் தெரியும். அப்புறம் அழுகை நின்னுபோச்சு. அதோட சேந்து வேற என்னென்னமோவும் நின்னுபோச்சு போல. அந்த அஞ்சு நாளும் நம்ம வீட்டுல எனக்கு எங்க உக்கார்றதுன்னே தெரியல."

"வேற யாராவது…" அவளால் முடிக்க முடியவில்லை.

"சேச்சே. அதெல்லாம் இல்ல. அப்படி ஏதாவது இருந்தா நீ சண்டை போட்டு இழுத்துட்டுப் போயிடுவே. இது அப்படி இல்ல."

ஜன்னலுக்குக் கீழே பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. அவள் கேட்க நினைத்தே வந்த கேள்வியைக் கேட்டாள்.

"அன்னிக்கு அந்த ஸ்பெஷலுக்கு நானும் கையைத் தூக்கியிருந்தா?"

சும்மா ஒரு பதில் சொல்கிற ஆள் இல்லை அவர்.

"தெரியல. அப்ப வந்திருந்தா ஒட்டியிருக்கலாம். இல்லாமயும் போயிருக்கலாம். அதை உன்மேல போடமாட்டேன்."

அவர் போடவில்லைதான். அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

சாயங்கால வண்டியில் உட்கார இடமில்லை. கடைகளில் நின்று களைத்த பெண்களும், கொத்துவேலை முடித்து வந்த ஆண்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்கினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அந்த ஸ்பெஷலில் ஏறியிருக்க முடியாதவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். உண்மைதான். ஆனால் அந்த உண்மையால் நெஞ்சின் கனம் ஒரு பிடிகூடக் குறையவில்லை.

கடை வாசலில் சீசன் டிக்கெட்டுக்கு அடையாள அட்டை நகல் எடுக்க எட்டுப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பெண் அடுப்படியில் நின்றிருந்தாள்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காருடி."

"வர்றாரா?"

"மாசத்துக்கு ஒருதடவை வருவார்னு நினைக்கறேன்."

"இத்தனை நாளும் அப்படித்தானே?"

"இத்தனை நாளும் ரயில் இல்ல. அதனால வரலன்னு சொல்லிக்கிட்டோம்."

பெண் அடுப்பைச் சிறிதாக்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அழுகிறாளோ என்று தேடியிருக்க வேண்டும். பிறகு வேறெங்கோ பார்த்தபடி, "அப்போ என் மேசையை முன்னாடியே போட்டுக்கட்டுமா? பின்னாடி வெளிச்சமே இல்லம்மா," என்றாள்.

அவள் சரி என்றாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மேசை நல்ல கனம். கதவுநிலையில் ஒருமுறை இடித்தது. கீழே வைத்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தூக்கினார்கள்.